வெண்டலின் கோல்ப் தொலைத்த பெருங்குழல்

ஹாசல்பாக் ஊருக்கு முடிதிருத்தும் கடை ஒன்றே ஒன்றுதான். அதை நடத்திய வெண்டலின் கோல்ப் வாரநாட்களில் கத்தரி பிடிப்பான். ஞாயிற்றுக்கிழமை பெருங்குழல் பிடிப்பான். தீயணைப்புப் படையின் பேண்டுக் குழுவில், குழந்தையைப் போல மடியில் ஏந்திக்கொண்டு ஊத வேண்டிய, ஆனால் எந்தக் குழந்தையையும்விடக் கனமான பித்தளை வாத்தியம் அது. டூபா என்பார்கள். ஊரில் வைக்கோல் போர் தீப்பற்றினால் படை வந்து சேர்வதற்குள் வைக்கோல் தன் காரியத்தை முடித்திருக்கும். பேண்டு மட்டும் ஒரு திருவிழாவுக்கும் தாமதமாக வந்ததில்லை. ஜெர்மனியில் எங்கள் பிராங்கோனியாப் பக்கத்து ஊர்களில் தீயணைப்புப் படை இருப்பதே பேண்டு வைத்துக்கொள்ளத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெருங்குழலில் பாட்டு வராது. ஒரு ‘பூம்’ வரும், சற்றுப் பொறுத்து இன்னொரு ‘பூம்’ வரும். பாட்டெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வாழ்க்கையில் தனக்கு ஒதுக்கப்பட்ட பங்கு இந்த ‘பூம்’தான் என்று வெண்டலின் ஒத்துக்கொண்டிருந்தான், அதில் குறையொன்றும் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் மனைவி ஓட்டிலி, கசாப்புக்கடை வால்பூர்காவின் மகள். வால்பூர்கா கணவனை இழந்தவள். ஒரு முழுப் பன்றியை ஒரு பிற்பகலுக்குள் தொத்திறைச்சியாக மாற்றிவிடக்கூடிய கை அவளுடையது. பாதிரியார் உட்பட ஊரே அந்தக் கைக்கு மரியாதை கொடுத்தது. ஓட்டிலிக்குப் பிறகு வெகுகாலம் கழித்துப் பிறந்த வால்பூர்காவின் ஒரே பையன் கிலியான், அதே கடைக்குள் ரத்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மெலிந்த உடம்பு, பூனை நடை. பேண்டில் அவன் ஊதியது பிக்கோலோ என்ற சுண்டுவிரல் புல்லாங்குழல். கத்தியைப் பிடிக்காத பிள்ளை குழலையாவது பிடிக்கட்டும் என்று தாய் விட்டுவிட்டாள்.

போர் வந்து ஆள் எடுக்கத் தொடங்கியபோது, வெண்டலினுக்குத் தன் வாழ்நாளிலேயே முதலும் கடைசியுமாக ஒரு புத்திசாலித்தனமான யோசனை உதித்தது. துப்பாக்கிப் பிரிவுக்கு அழைப்பு வருவதற்கு முன்பே தானும் மைத்துனனும் ரெஜிமென்ட்டின் பேண்டில் சேர்ந்துவிட்டால் என்ன? மாமியாரின் சமையலறையில், தொத்திறைச்சிக்குக் குடல் அலசிக்கொண்டிருந்தவளிடம் யோசனையை விளக்கினான்.

“பெருங்குழல் ஊதறவன எவன் அத்தை சுடுவான்? சுட வந்தவன்கூட ஒரு நிமிஷம் நின்னு கேட்டுட்டுப் போவான். கிலியான் என்கூடவே இருக்கட்டும். உசுரோட கொண்டாந்து இதே அடுப்புக்கிட்ட உட்கார வைக்கறேன்.”

வால்பூர்கா குடலை ஒருமுறை உதறினாள்.

“கொண்டு வரலேன்னா நீங்களும் வராதீங்க, மாப்பிள்ளை.”

மரியாதைக் குறைவாக அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெண்டலின் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்நடையாகவே வெளியேறினான்.

யோசனையில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. எங்கள் ராணுவத்தில் வழக்கம் என்னவென்றால், பேண்டுக்காரர்கள் ஊதாத நேரத்தில் சும்மா இருக்கக் கூடாது. சண்டை தொடங்கியதும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு அடிபட்டவர்களைச் சுமந்துவர ஓட வேண்டும். அதாவது மற்றவர்கள் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் நேரத்தில் நிமிர்ந்து ஓடுகிற உத்தியோகம். சேர்த்துக்கொண்ட அதிகாரி இதைச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நல்ல மனிதர்.

பேண்ட் மாஸ்டர் ஸ்ட்ரோபலும் நல்ல மனிதர்தான். மனிதர்களிடம் அவருக்குக் கோபமே வராது, ஏனென்றால் மனிதர்களை அவர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வாத்தியங்கள் மேல் உயிர். ஒரு கொம்பில் சின்ன நசுங்கல் விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அடிபட்ட சிப்பாய் யாராவது வாத்தியப் பெட்டியில் தலையைச் சாய்த்தால், ரத்தம் பட்டு வார்னிஷ் போய்விடுமே என்று மெதுவாகத் தள்ளி உட்காரச் சொல்லுவார்.

நாற்பத்தொன்றாம் வருடக் கோடையில் ரஷ்யாவுக்குள் நுழைந்தார்கள். பிடித்த ஒவ்வொரு ஊரின் சதுக்கத்திலும் பேண்டு வாசித்தது. கேட்பதற்கு ஊர் மக்களைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். கூட்டம் நிறைய, கைதட்டல் குறைவு. சில சதுக்கங்களில் விளக்குக் கம்பங்களில் மனிதர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே நின்று உற்சாகமான நடைப்பாட்டு வாசிக்க வேண்டியிருந்தது. கிலியான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். பெருங்குழலின் வாய் அகலமானது. அதன் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம். வெண்டலின் ஒளித்துக்கொண்டான். அப்போதும் ‘பூம்’ தப்பவில்லை.

இலையுதிர்காலத்தில் சேறு வந்தது, பிறகு பனி வந்தது. குளிர்கால உடுப்பு வரவில்லை. காரணம் மிகத் தெளிவானது: குளிருக்கு முன்பே போர் முடிந்துவிடும் என்று மேலிடம் தீர்மானித்திருந்தது. முடிந்துபோன போருக்குக் கம்பளி அனுப்பினால், முடியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? ஆகையால் குளிர்தான் அவசரப்பட்டு வந்துவிட்டதாகக் கருதப்பட்டது. பேண்டுக்கு மட்டும் ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. ஆவலோடு உடைத்தார்கள். மாஸ்கோவில் நடக்கப்போகும் வெற்றி அணிவகுப்புக்கான வெள்ளைப் பருத்திக் கையுறைகள். மெல்லியவை, கைக்குக் கச்சிதமானவை. ஸ்ட்ரோபல் ஒரு ஜோடியைத் தடவிப்பார்த்துக் கண் கலங்கினார்.

அணிவகுப்புக்கு ஒத்திகையும் நடந்தது. உமிழ்நீர் உறைந்து வால்வுகள் நின்றன. உதட்டில் பித்தளை பட்டால் தோலோடுதான் பிரியும் என்பதால், ஊதுகிற முனையைக் கழற்றி அக்குளில் வைத்துச் சூடேற்றி மாட்டி ஊதினார்கள். ஒத்திகையின்போது ஸ்ட்ரோபலின் கண்ணில் ஒரு குறை பட்டது: நடை சரியில்லை. குனிந்து பார்த்தால், பாதிப் பேர் பூட்ஸுக்குள் செய்தித்தாளும் வைக்கோலும் திணித்திருக்கிறார்கள். எங்கள் பூட்ஸ் காலை ஒட்டி அளவெடுத்துச் செய்தவை; அடியில் வரிசை வரிசையாக இரும்பு ஆணிகள். அந்த ஆணிகள் பனியின் குளிரை ஒழுங்கான தபால்காரரைப் போல உள்ளங்காலுக்குக் கொண்டுசேர்த்தன. ரஷ்யச் சிப்பாய்களோ காலைவிடப் பெரிய கம்பளி பூட்ஸுக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு வாத்து மாதிரி நடந்தார்கள்.

“இப்படி நடக்கற பட்டாளம் எங்கயாவது ஜெயிச்சதா கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்றார் ஸ்ட்ரோபல். பேண்டில் யாரும் காகிதம் திணிக்கக் கூடாது, தொளதொள பூட்ஸ் போட்டிருப்பவர்கள் கச்சிதமானதாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார்.

பலர் தலையாட்டிவிட்டுக் காகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிக்கோலோ ஊதுகிறவன் முன்வரிசையில் நடப்பவன். மாஸ்கோவே முதலில் பார்க்கப்போகிற கால்கள் தன்னுடையவை என்று கிலியான் நினைத்தான். தன் பூட்ஸை இன்னொருவனிடம் கொடுத்து ஒரு அளவு சின்னதாக மாற்றிக்கொண்டான். வெண்டலின் அன்று தூக்குக் கட்டிலோடு வெளியே போயிருந்தான்.

மாஸ்கோ வரவில்லை. ரஷ்யர்கள் வந்தார்கள். டிசம்பரில் ஒரு நாள் பின்வாங்கல் தொடங்கியது. அதற்குப் பின்வாங்கல் என்று பெயர் சொல்லக் கூடாது, ‘போர்முனையை நேர்செய்தல்’ என்று சொல்ல வேண்டும். நேர்செய்துகொண்டே ஓடினார்கள். விட்டுவிட்டு வந்த கிராமங்களையெல்லாம் எதிரிக்குக் கூரை கிடைக்கக் கூடாது என்று கொளுத்தினார்கள். பின்னால் வந்த எங்கள் சிப்பாய்களுக்கும் கூரை இல்லாமல் போனது. அந்த வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கிலியான் நொண்டுவதை வெண்டலின் கண்டான். கேட்டதற்குக் கொப்புளம் என்றான். மறுநாள் நொண்டவே இல்லை. மரக்கட்டையில் நடப்பதுபோல் நடந்தான். பட்டறைக் கொட்டகை ஒன்றில் உட்காரவைத்து பூட்ஸைக் கழற்ற முயன்றபோது கழலவில்லை. கத்தியால் கிழித்தான். கால்விரல்கள் கருத்திருந்தன, குதிகால் வெண்மெழுகு.

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா தண்டனை, அத்தான்.”

அது உண்மை. கால் உறைவது குளிரின் குற்றமல்ல, சிப்பாயின் கவனக்குறைவு என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டு சண்டையிலிருந்து தப்பிக்கப் பார்த்தவன் என்று விசாரணை வரும். அதனால்தான் கிலியான் காலை மறைத்து மறைத்து நடந்து, மறைக்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

வெண்டலின் ராணுவ மருத்துவரிடம் ஓடினான். துப்பாக்கிக் குண்டா, பீரங்கிக் குண்டா என்று மருத்துவர் கேட்டார். இரண்டும் இல்லை. அப்படியானால் அவன் காயம்பட்டவன் இல்லை, சறுக்குவண்டியில் இடம் இல்லை, நடக்கட்டும் என்றார். கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. அவருடைய சொந்தக் காது ஒன்று உறைந்து போயிருந்தது, அதை அவர் தொப்பிக்குள் மறைத்து வைத்திருந்தார்.

காயம்பட்டவர்களின் வண்டிகளில் இடமில்லை. ஆனால் வாத்தியங்களுக்குத் தனியாக ஒரு சறுக்குவண்டி இருந்தது. ரெஜிமென்ட்டின் சொத்து எதுவும் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று உத்தரவு. கொம்பும் முரசும் ரெஜிமென்ட் சொத்து. கிலியான் ரெஜிமென்ட்டின் ஆள், சொத்து அல்ல. வண்டியில் உள்ளதிலேயே பெரிய பெட்டி பெருங்குழலுடையது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டியது. குண்டு மனிதன் நுழைய முடியாது. கிலியான் நுழையலாம்.

சிறிது நேரம் வண்டி தனியாக நின்றது. வெண்டலின் பெட்டியைத் திறந்து பெருங்குழலைத் தூக்கிக்கொண்டு பாதையோரப் பள்ளத்துக்குப் போய்ப் பனியில் கவிழ்த்து வைத்து, மேலே பனியைத் தள்ளினான். திரும்பி வந்து மைத்துனனைத் தூக்கினான்.

“உள்ள படு, மச்சான்.”

“இது உங்க வாத்தியம், அத்தான்.”

“அதுக்குக் கால் கிடையாது. படு. முழங்கால மடக்கு.”

இரண்டு பாதங்களிலும் கைக்கு ஒன்றாகப் போட வேண்டிய வெள்ளைக் கையுறைகளை அடுக்கடுக்காகச் சுற்றினான். தன் போர்வையையும் உள்ளே திணித்தான்.

“ஓரத்துல பலகை விரிஞ்சிருக்கு பாரு, மூக்க அங்க வச்சுக்க. கையக் காலக் கொஞ்சம் அசைச்சிட்டே இரு. யாராவது தட்டினா மட்டும் அசையாத. தட்டற நேரத்துல நீ பித்தளை. பித்தளை இருமாது.”

கிலியான் சிரித்தான். அந்தப் போரில் அவன் சிரித்ததை வெண்டலின் பார்த்தது அதுதான் கடைசி.

ஆற்றுப் பாலத்தில் ராணுவப் போலீஸ் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சோதித்தது. பாலத்தின்மேல் ஆயுதம், சொத்து, குண்டடி பட்டவர்கள். மற்றவர்கள் கீழே இறங்கி, உறைந்த ஆற்றில் நடந்து கடக்க வேண்டும். அப்படி நடந்தவர்களில் சிலர் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இனி எழமாட்டார்கள் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. போலீஸ்காரன் பெரிய பெட்டியைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டினான்.

“இதுல என்ன?”

“பெருங்குழல், ஐயா.”

“எடுத்து ரெண்டு ஊது ஊது. பாட்டுக் கேட்டு எத்தன நாளாச்சு.”

வெண்டலின் சட்டைக்குள் கைவிட்டான். ஊதுகிற முனை அக்குளில்தான் இருந்தது; அதை எடுத்துக் காட்டினான். மீதி வாத்தியம் பள்ளத்தில் இருக்கிறது என்று சொல்லவில்லை. போலீஸ்காரன் பெட்டியின் கொக்கியில் கை வைத்த நேரத்தில், பின்னாலிருந்து பேண்ட் மாஸ்டர் ஸ்ட்ரோபல் ஓடிவந்தார். இந்தக் குளிரில் திறந்தால் வால்வுகள் கெட்டுவிடும், மாஸ்கோவில் வாசிக்க வேண்டிய வாத்தியம், கெட்டால் பொறுப்பு யாருடையது என்று கூச்சலிட்டார். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ்காரன் கையை எடுத்துவிட்டான். வண்டியை விட்டான். பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஸ்ட்ரோபல் தன் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினார். இப்படியாக அந்தப் போரில் ஒரு மனித உயிரைக் காப்பாற்றிய பெருமை பேண்ட் மாஸ்டரையும் சேரும். அவருக்குத்தான் அது தெரியாது.

மதியம் கழிந்து பொழுது இருட்டும்போது ஒரு கிராமம் வந்தது. அங்கே அடுப்பெரிந்துகொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து ஒரு கிழவனையும் இரண்டு பெண்களையும் வெளியே பனிக்குள் அனுப்பிவிட்டு, பேண்டுக்காரர்கள் உள்ளே போனார்கள். வெண்டலினும் போனான். வாசலில் ஒதுங்கிய கிழவனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. அப்போது அவன் மனம் முழுக்க ஒரு பெட்டியில் இருந்தது. பெட்டிகளை அடுப்போரம் கொண்டுவரப் போனான். ஸ்ட்ரோபல் தடுத்தார். கடுங்குளிரிலிருந்து வாத்தியத்தை நேராகச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் உள்ளே வியர்த்து மரம் வெடிக்கும், பித்தளை கெடும். எந்தப் பேண்டுக்காரனுக்கும் தெரிந்த விஷயம், வெண்டலினுக்கும் தெரியும். ஆகவே விடியும்வரை பெட்டிகள் தொழுவத்தில்தான் இருக்கும்.

வெண்டலின் அடுப்பைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். விடியும்வரை என்றால் விடிந்தபின் ஆளிருக்க மாட்டான்.

“ஐயா, பெரிய பெட்டியில பெருங்குழல் இல்ல. கிலியான் இருக்கான்.”

ஸ்ட்ரோபல் அவன் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. ஆழ்ந்த வருத்தம்தான் இருந்தது.

“அப்போ பெருங்குழல் எங்க, கோல்ப்?”

“பனியில, ஐயா.”

“எந்தப் பனியில?”

ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை ரஷ்யா முழுவதும் பனியாகவே இருந்தது. வெண்டலினால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

“வாய் மேல பார்த்து வச்சியா, கீழ பார்த்தா?”

“கீழ பார்த்து, ஐயா.”

“அது வரைக்கும் நல்லது. உள்ள பனி போகாது.”

சாவியைக் கேட்டான். ரெஜிமென்ட் சொத்து விவகாரம், மேலதிகாரியைக் கேட்காமல் திறக்க முடியாது, ஆளனுப்புகிறேன் என்றார் ஸ்ட்ரோபல். வெண்டலின் அடுப்போரம் கிடந்த விறகுக் கோடரியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனான். வாழ்நாளில் முதல்முறையாக அவனிடமிருந்து ‘பூம்’ அல்லாத ஓசை எழுந்தது. பெட்டி பிளந்தது. கிலியான் உயிரோடு இருந்தான், மூச்சுவிட்டான், அழுதான். பாதங்களை மட்டும் அதன்பிறகு யாராலும் காப்பாற்ற முடியவில்லை. ஸ்மோலென்ஸ்க் ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

வெண்டலினை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். எதிரியின் முன்னிலையில் ரெஜிமென்ட் சொத்தைக் கைவிட்டது குற்றம். தன்மேல் விழவிருந்த பழியிலிருந்து தப்ப ஸ்ட்ரோபல் சாட்சி சொன்னார். வாத்தியத்தின் தொனியை வர்ணிக்கும்போது அழுதுவிட்டார், அந்த அழுகை உண்மையானது. கண்ணிவெடி அகற்றும் தண்டனைப் பிரிவுக்கு வெண்டலினை அனுப்பினார்கள். அடுத்த கோடையில், அந்தக் குளிர்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கெல்லாம் அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுத்தது. ‘உறைந்த கறிப் பதக்கம்’ என்றுதான் சிப்பாய்கள் சொல்லுவார்கள். கிலியானுக்கு வந்தது. தண்டனைப் பிரிவில் இருந்ததால் வெண்டலினுக்கு இல்லை. பிறகு ரஷ்யர்களிடம் பிடிபட்டு, சுரங்கத்தில் கரி வெட்டி, நாற்பத்தொன்பதாம் வருடம் ஊர் திரும்பினான்.

கிலியானை உயிரோடு கொண்டுவந்து அடுப்போரம் உட்கார வைப்பதாகச் சொன்ன வாக்கை நிறைவேற்றிவிட்ட திருப்தியோடுதான் ரயிலை விட்டு இறங்கினான். ஸ்டேஷன் மாஸ்டர் அவன் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் கொடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கிலியானிடம் கால் எப்படிப் போயிற்று என்று வெண்டலினின் வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு விசாரணைக் குழு கேட்டது. குளிரால் என்று சொன்னால் தண்டனை. அதனால் பீரங்கிக் குண்டு வெடித்தது, பனியில் கிடந்தேன், முழங்கையால் ஊர்ந்து வந்தேன் என்றான். பாதங்களைத்தான் ஏற்கனவே புதைத்துவிட்டார்களே, சரிபார்க்க வழியில்லை. தூக்கிவர ஆள் இல்லையா, உன் அக்கா புருஷனே தூக்குக் கட்டில்காரன்தானே என்று ஒருவர் கிளறினார். பையன் பயந்துபோனான். அத்தான் தன் வாத்தியத்தைக் காப்பாற்றப் போய்விட்டார் என்று சொல்லிவிட்டான். சொன்னதும் அழுதான்; அழுததால் குழு நம்பிவிட்டது.

சக்கர நாற்காலியில் ஊருக்கு வந்தவனிடம் மதுக்கடையில் ஊரே கதை கேட்டது. வெறுங்கையோடு வந்தவனுக்குப் பீர் வாங்கிக் கொடுக்கும் கதை வேறு எது? ஒவ்வொரு வருடமும் கதைக்குள் ரஷ்யர்கள் பெருகினார்கள், ஊர்ந்த தூரம் நீண்டது, வெண்டலின் ஓடிய வேகம் கூடியது. ரத்தத்தைக் கண்டால் முகம் திருப்பிய பிள்ளை இப்படி ஆகிவிட்டானே என்று வால்பூர்கா கடையில் எல்லாரிடமும் பூரித்துப்போனாள்.

திரும்பி வந்த வெண்டலின் ஒருமுறை மதுக்கடையில் வாயைத் திறந்தான். பெருங்குழலை நான் வீசிவிட்டேன், அதற்காகத்தான் என்னைத் தண்டித்தார்கள் என்றான். மேசை முழுவதும் சிரித்தது.

“பீப்பிக்காக எவன்டா ஜெயில்ல போடுவான்? சொல்றதையாவது பொருந்தச் சொல்லு, வெண்டலின்,” என்றான் தச்சன் ஒருவன்.

அதில் நியாயம் இருந்தது. உண்மை நம்பும்படியாக இல்லை. பொய்தான் ராணுவத்தில் நடக்கக்கூடியது மாதிரி இருந்தது.

மாமியார் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு நிறுத்தவில்லை. ஆனால் வால்பூர்கா அவனிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். “அவருக்கும் ஒரு தட்டு வை” என்று ஓட்டிலியிடம் சொல்லுவாள். ஓட்டிலியிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவனை நம்பினாள். நம்பியதால் கோபம் வந்தது.

“அவன் என் தம்பி. நீங்க என் புருஷன். எனக்கு ரெண்டு பேரும் வேணும். வாய மூடிக்கிட்டு சாப்பிடுங்க.”

சாப்பிட்டான். கடையைத் திறந்தான். பேண்டில் மறுபடி சேர யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் போயிருக்க மாட்டான். சனிக்கிழமைதோறும் கிலியான் சவரத்துக்கு வருவான். மற்றவர்கள் இருக்கும்போது இருவரும் வானிலை பேசுவார்கள். மழை பெய்து கடை காலியாக இருந்த ஒரு சனிக்கிழமை, சோப்பு நுரை தடவிய முகத்தோடு கிலியானே பேச்செடுத்தான்.

“என்ன செய்யச் சொல்றீங்க அத்தான்? பதக்கத்தக் குத்திக்கிட்டு, பெட்டிக்குள்ள சுருண்டு படுத்து வந்தேன்னு சொல்லவா? அன்னிக்குப் பயத்துல சொல்லிட்டேன். இப்ப அத எடுத்துட்டா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு? கால் இருக்கா?”

வெண்டலின் கத்தியைத் தோல்வாரில் தீட்டினான்.

“ஊருக்குச் சொல்ல வேணாம். உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லு. நான் வாக்குக் கொடுத்தது ஊருக்கு இல்ல, அவங்களுக்கு.”

“சொல்றேன்.”

“எப்ப?”

“சொல்றேன்னுதான சொன்னேன்.”

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குச் சொன்னான். சொல்லமாட்டான் என்று நினைத்தவர்களில் கிலியானும் ஒருவன். பொரித்த கெண்டையும் உருளைக்கிழங்கு உருண்டையும் மேசைக்கு வந்திருந்தன. இரண்டாவது பீருக்குப் பிறகு கிலியான் தட்டைத் தள்ளிவிட்டுத் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான்: சின்ன பூட்ஸ், பச்சைக் கம்பளிப் பெட்டி, பாலம், கோடரி. எதையும் குறைக்கவில்லை. வெண்டலின் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆவி போய்க்கொண்டிருந்தது.

வால்பூர்கா கையைத் துடைத்துக்கொண்டு மகனின் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“எம்புள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு. விட்டுட்டு ஓடினவன் மானத்தக் காப்பாத்த, தன்னையே பெட்டிக்குள்ள போட்டுக்கறானே.”

பிறகு, ஊர் திரும்பிய நாளிலிருந்து முதல்முறையாக, மருமகனை நேராகப் பார்த்துப் பேசினாள்.

“மாப்பிள்ளை, இனிமே அவன இப்படிப் பொய் சொல்ல வைக்காதீங்க. பாவம், கால் இல்லாதவன்.”

“சரி, அத்தை,” என்றான் வெண்டலின். உருண்டையைச் சாப்பிட்டான்.

புத்தாண்டுக்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது: கிலியான் தன்னைக் கைவிட்டவனுக்காகத் தாயிடம் பொய் சொல்லிப் பார்த்தானாம். பாதிரியார் பெயர் சொல்லாமல் ஒரு பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை வந்த கிலியான், “நான் சொல்லிட்டேன் அத்தான், அவங்க நம்பல, நான் என்ன செய்ய?” என்றான். குரலில் வருத்தம் இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சில வருடங்களில் பெட்டியில் வந்ததை அவன் மெய்யாகவே மறந்துவிட்டான் என்று வெண்டலினுக்குத் தோன்றியது. பனியில் ஊர்ந்ததைச் சொல்லும்போது முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொள்வான்.

சுரங்கத்துக் கரித்தூள் நுரையீரலில் தங்கியிருந்தது. ஐம்பத்தெட்டாம் வருடப் பிப்ரவரியில் வெண்டலின் இறந்தான். தீயணைப்புப் படையின் பேண்டு வந்தது, தாமதமில்லை. புதைகுழி ஓரத்தில் கிலியான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினான். அத்தானும் மனிதர்தான், பயம் யாருக்கும் வரக்கூடியது, தான் அவரை எப்போதோ மன்னித்துவிட்டதாகச் சொன்னான். அவன் அதை மனதாரச் சொன்னான். கூட்டத்தில் பலர் அழுதார்கள். வால்பூர்கா சத்தமாக அழுதாள்.

ஓட்டிலி அழவில்லை. கூட்டம் கலைந்ததும் தம்பியின் நாற்காலியைப் பிடித்து வீட்டை நோக்கித் தள்ளினாள். மேட்டுப் பாதையில் பனி இறுகியிருந்தது, சக்கரம் வழுக்கியது. தள்ளுவதற்கு வேறு ஆள் இல்லை.